ஆட்டின் ராணி வந்த வழி

ஐப்பசி பிறந்தால் மரக்காணம் உப்பளங்களில் வேலை கிடையாது. பாத்தியில் மழைத் தண்ணீர் ஏறிவிடும். வாரிக் குவித்த உப்பைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு ஆட்கள் கரையேறிவிடுவார்கள். தை போய் வெயில் கொஞ்சம் முறுக்கிய பிறகுதான் மறுபடி பாத்தி மிதிப்பது, அண்டை கட்டுவது எல்லாம். நடுவில் கிடக்கிற மழைக்காலத்தில் இந்தக் கரையின் ஆண்களுக்குக் கையில் வேலையும் இருக்காது, காசும் இருக்காது. இருப்பது பொழுது ஒன்றுதான். தெற்கே குயிலாப்பாளையம் வரைக்கும் அப்படித்தான். முந்திரித் தோப்பு ஓரத்திலோ, பூட்டிக் கிடக்கிற கடைத் திண்ணையிலோ துண்டு ஒன்று விரியும், அதன்மேல் சீட்டுக்கட்டு இறங்கும். பந்தயம் பெரும்பாலும் டீயும் வடையும்.

"இன்னா மாமா, கீழ எடுக்கிறியா, கட்டுல எடுக்கிறியா?"

"இருடா. ஆட்டின் ராணி எவன் போட்டான்?"

"நான்தான்."

"எனக்குக் கிளாவர்தான் வேணும்னு தெரிஞ்சே போடுறியா? ஒண்ணும் ஒட்டல. நான் ஸ்கூட்டு."

"முதல் ஸ்கூட்டா, மிடிலா?"

"இன்னும் ஒரு சீட்டு எடுக்கலியேடா! முதல்தான். இருவது எழுதிக்கிறேன்."

மாமாவுக்கும் மருமகனுக்கும் நடுவே ஓடிய இந்த ஆறு வரியில் டச்சு இருக்கிறது, இங்கிலீஷ் இருக்கிறது, வடக்கிலிருந்து வந்த ராணி இருக்கிறாள். இருவரில் யாரிடம் கேட்டாலும் 'ஆட்டின்னா ஆட்டின்தான்' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தந்ததில்லை. அகராதி பார்த்தும் படித்ததில்லை. அப்பன் ஆடும்போது முதுகுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட சொற்கள் இவை. அந்த அப்பனுக்கும் அப்படித்தான் வந்தது.

முதலில் ஆட்டினை எடுத்துக்கொள்வோம். சிவப்பு இதயம் போட்ட சீட்டு. 'ஆட்டின் ராணி' என்றதும் தமிழ்க் காதுக்கு ஏதோ ஆட்டுமந்தையின் அரசி மாதிரிதான் கேட்கும். ஆட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கிலீஷ் 'ஹார்ட்'தான் மருவிவிட்டது என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அப்படியானால் கடைசியில் ஒரு 'ன்' எங்கிருந்து வந்தது? டச்சுக்காரர்கள் இந்தச் சீட்டை 'ஹார்டென்' என்பார்கள். தமிழ் வாயில் ஹகரம் உதிர்ந்து, ரகரம் கரைந்து, ஆர்ட்டின் ஆகி, ஆட்டின் ஆகிவிட்டது. உதிர வேண்டியதெல்லாம் உதிர்ந்த பிறகும் அந்த 'ன்' மட்டும் விடாப்பிடியாக நின்று தன் ஊரைக் காட்டிக் கொடுக்கிறது.

கிளாவர் இன்னும் சுவாரசியம். கறுப்பில் மூன்று இலை போட்ட சீட்டு. அந்தப் படம் பிரெஞ்சுக்காரர்கள் போட்டது. மூன்றிலைப் புல் ஒன்றின் இலை அது. டச்சில் அந்தப் புல்லுக்குக் 'கிளாவர்' என்று பெயர், சீட்டுக்கும் அதே பெயர். இங்கிலீஷ்காரன் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டே 'கிளப்', அதாவது தடி என்கிறான். காரணம், அவனுக்கு முன்னால் வந்த ஸ்பானியச் சீட்டுக்கட்டில் அந்த இடத்தில் நிஜமாகவே தடி வரைந்திருந்தது. படம் மாறியது, பெயர் மாறவில்லை. ஆக, குயிலாப்பாளையத்துத் திண்ணையில் 'கிளாவர்' என்கிறவர் லண்டன்காரனைவிடச் சரியாகப் பெயர் சொல்கிறார். இதைக் கேட்டால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கலாம். ஆட்டம் பாதியில் இருக்கும்போது சொன்னால் திட்டு விழும்.

இஸ்பேட் விஷயத்தில் இரண்டு வழி உண்டு. போர்த்துக்கீசியத்தில் 'எஸ்பாடா' என்றால் வாள். அவர்கள் கொண்டுவந்த பழைய கட்டுகளில் வாள், தடி, கிண்ணம், காசு என்று நான்கு இனம். எஸ்பாடாதான் இஸ்பேட் ஆனது என்று சொல்லலாம். இங்கிலீஷ் 'ஸ்பேடு'க்கு முன்னால் நம் வழக்கப்படி ஓர் இகரம் ஒட்டியது என்றும் சொல்லலாம். இஸ்கூல், இஸ்டேஷன் என்று சொன்ன வாய்தானே. எந்த வழியில் வந்தாலும் வேரில் கிடப்பது வாள். இங்கிலீஷ் 'ஸ்பேடு'ம் மண்வெட்டிக்கு உறவில்லை, தென் ஐரோப்பிய வாளின் பிள்ளைதான் அதுவும். மண்வெட்டி என்றே பெயர் வைத்தவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களுடைய 'ஸ்கோப்பன்' யாழ்ப்பாணத்தில் இஸ்கோப்பன் ஆகி இன்றும் வாழ்கிறது. கிளாவர் அங்கே கலாவரை. சிங்களத்தில் நான்கு இனமும் டச்சுதான்: இஸ்கோப்ப, கலாபர, ஹாரத, ருயித.

நம் கரையில் நான்காவது இனம் மட்டும் டைமன், சுத்த இங்கிலீஷ். ஆக ஒரே கட்டுக்குள் இரண்டு பேர் டச்சு, ஒருவர் வாள் பிடித்த போர்த்துக்கீசியர், ஒருவர் வெள்ளைக்காரர். போதாததற்கு ஒன்றாம் சீட்டு 'ஆஸ்'. இங்கிலீஷில் அது 'ஏஸ்'. 'ஆஸ்' என்று நீட்டிச் சொல்வது போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும்தான். கிங்கும் குயினும் வந்த பிறகும் நம்மவர்கள் ராஜா, ராணியை விடவில்லை. ஜாக் மட்டும் செல்லமாக ஜாக்கி ஆனான். கேரளத்தில் அவன் பெயர் குலான். அடிமை என்று பொருள்படும் 'குலாம்' அது, வடக்கிலிருந்து இறங்கியது. சோழமண்டலக் கரை வழியாக வந்த சொல்லும் வடக்கிருந்து தரை வழியாக வந்த சொல்லும் ஒரே கட்டில் உட்கார்ந்திருப்பதுதான் சீட்டாட்டத்தின் வேடிக்கை.

டச்சுக்காரர்கள் இங்கே என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். நம் வரலாற்றுப் புத்தகங்களில் அவர்களுக்கு அரைப் பக்கம்கூடக் கிடைப்பதில்லை. ஆனால் பழவேற்காட்டில் 1610-லேயே காலூன்றியவர்கள் அவர்கள். மரக்காணத்துக்கு வடக்கே சதுரங்கப்பட்டினத்தில் அவர்களுடைய கோட்டை இன்றும் நிற்கிறது. தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடுங்கினார்கள். குயிலாப்பாளையத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற புதுச்சேரியே 1693 முதல் 1699 வரை அவர்கள் கையில் இருந்தது. இன்று நாம் பிரெஞ்சு நகரம் என்று கொண்டாடும் ஊரின் நேர்கோட்டுத் தெருக்களுக்கு முதல் வரைபடம் போட்டவர்களும் அவர்களே. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கிடக்கிற கூனிமேட்டில் 1680-களில் ஆங்கிலேயர் பண்டகசாலை வைத்திருந்தார்கள். இந்த முப்பது நாற்பது கிலோமீட்டர் மணலில் அன்றைக்கு எத்தனை பாஷை புழங்கியது என்று நினைத்துப் பாருங்கள்.

அத்தனை பேருக்கும் இங்கே முக்கிய வேலை காத்திருப்பது. துறைமுகம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், மசூலாப் படகில் சரக்கு ஏற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வீச ஆரம்பித்தால் கப்பல்கள் கரையை விட்டு ஓடிவிடும், காற்று மாறின பிறகுதான் திரும்பும். நெசவு முடிந்து துணி வர வேண்டும், சாயம் போட்டு வர வேண்டும், துபாஷி கணக்கு முடித்துக் கொடுக்க வேண்டும். அதுவரை சிப்பாயும் மாலுமியும் பண்டகசாலைக் குமாஸ்தாவும் என்ன செய்வார்கள்? உப்பளத்துக்காரர் மழைக்காலத்தில் செய்வதைத்தான் செய்தார்கள். பக்கத்தில் நின்ற படகுக்காரனும் மூட்டை தூக்குகிறவனும் வேடிக்கை பார்த்தார்கள். ஆள் குறைந்தபோது ஒரு கை போடக் கூப்பிட்டிருப்பார்கள். சீட்டாட்டத்துக்கு நான்காவது ஆள் கிடைக்காத கஷ்டம் எந்த நூற்றாண்டிலும் ஒன்றுதான்.

அப்படிக் கூப்பிடப்பட்டவனுக்கு டச்சு பேசத் தெரிய வேண்டியதில்லை. நான்கு இனத்தின் பெயரும் துருப்பு என்ற ஒரு சொல்லும் தெரிந்தால் போதும். அது மட்டும் தெரிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் துருப்பு ஆட்டத்தில் பெயரை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். எந்த இனம் துருப்பு என்று ஒருவன் அறிவிக்க வேண்டும், மற்றவன் காதில் அது தெளிவாக விழ வேண்டும், தப்பாகக் கேட்டால் காசு போகும். மனிதனுக்குப் பாடம் இதைவிட வேகமாக ஏறாது. சமையலறைச் சொல்லோ கடைச் சொல்லோ வந்து சேர ஒரு தலைமுறை பிடிக்கலாம், சீட்டுச் சொல் ஒரே ராத்திரியில் ஏறிவிடும்.

அந்தத் 'துருப்பு'கூட அப்படி ஏறியதுதான். டச்சில் 'ட்ரூஃப்'. நடுவில் மகரம் இல்லை, நம் துருப்பிலும் இல்லை. போர்த்துக்கீசிய 'ட்ருன்ஃபோ'வுக்கு நடுவில் மெல்லெழுத்து உண்டு. இலங்கையில் அது துரும்பு. இத்தாலியில் வெற்றி ஊர்வலத்தைக் குறித்த சொல்லிலிருந்து கிளைத்தவை எல்லாம். நம் ஊரில் இறங்கியதும் ஒன்று படைப்பிரிவு மாதிரி ஒலித்தது, இன்னொன்று வைக்கோல் துண்டு மாதிரி ஒலித்தது. இரண்டுமே பொருத்தமாகத்தான் இருக்கிறது. கட்டிலேயே அற்பமான இரண்டாம் நம்பர் சீட்டு ராஜாவை வெட்டுகிற ஆட்டம் அல்லவா! வெட்டு என்ற சொல் மட்டும் நம்முடையது. தாயக்கட்டத்தில் எதிராளியின் காயை வெட்டிய கை அப்படியே சீட்டுக்கு வந்துவிட்டது.

சொற்களோடு ஆட்டமும் வந்ததற்கு ஒரு தடயம் உண்டு. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு ஆடுகிற 'முந்நூற்றி நாலு' என்ற ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரியவன். அவனுக்கு 30 புள்ளி. அடுத்தவன் ராஜா என்று நினைப்பீர்கள். இல்லை, ஒன்பதாம் நம்பர், 20. பிறகு ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. கூட்டினால் 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. ஆட்டத்தின் பெயர் அதன் கணக்கிலிருந்தே பிறந்தது. கேரளத்து 'இருபத்தெட்டு'ம் அப்படித்தான்: ஜாக்கி 3, ஒன்பது 2, ஆஸ் 1, பத்து 1. ஓர் இனத்துக்கு ஏழு, நான்குக்கு இருபத்தெட்டு. ராஜாவைத் தள்ளிவிட்டு வேலைக்காரனையும் ஒன்பதையும் தலையில் தூக்கி வைக்கிற இந்தக் கோணல் வரிசை உலகத்தில் எல்லா ஊரிலும் கிடைக்காது. டச்சு நாட்டின் 'கிளாவர்யாஸ்' ஆட்டத்தில் இருக்கிறது. துருப்பு இனத்தில் அங்கே ஜாக்கிக்கு 20, ஒன்பதுக்கு 14. பிரான்ஸின் 'பெலோத்', சுவிட்சர்லாந்தின் 'யாஸ்' இரண்டிலும் அதே வரிசை. சீட்டாட்ட வரலாறு எழுதியவர்கள் நம் ஆட்டங்களை இந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். யாழ்ப்பாணம் 1658-லும் கொச்சி 1663-லும் டச்சுக்காரர் கைக்குப் போனவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் கொஞ்சம்தான் மிஞ்சும்.

ஆட்டம் அத்தோடு நிற்கவில்லை. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பரில் முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகள் இன்றும் அங்கே 'துணி' என்று ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். அதே ஜாக்கி, அதே ஒன்பது, அதே புள்ளிகள். ராஜாவும் ராணியும் ஒரே கையில் சேர்ந்தால் 'ஜோடி' என்று கூவுகிறார்கள். இனம் மாற்றிப் போட்டு மாட்டிக்கொண்டால் அபராதம் 'நாலு பால்'. மேசையில் கையும் களவுமாகப் பிடிப்பதற்கு உண்டான அந்தச் சொல், டர்பன் இந்தியர்களின் தெருப்பேச்சில் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட யாரைக் குறித்தும் வருகிறது.

மேசைச் சொல் தெருவுக்கு இறங்குவது எல்லா ஊரிலும் நடக்கிற கூத்து. உலகம் முழுக்க இதில் பெயர்பெற்றது அமெரிக்கப் போக்கர். அதன் பிறப்பிடம் புதுச்சேரிக்குத் தங்கை முறையாக வேண்டிய ஊர்: 1803 வரை பிரெஞ்சுக்காரர் உரிமை கொண்டாடிய நியூ ஆர்லியன்ஸ். 'போக்' என்ற பிரெஞ்சு ஆட்டம் அங்கே இறங்கி, மிசிசிப்பி ஆற்று நீராவிப் படகுகளில் ஏறி, கரை கரையாகப் பரவியது. அங்கேயும் காத்திருப்புதான். படகு மெதுவாகப் போகும், பயணிகளிடம் பருத்தி விற்ற காசு இருக்கும். கையில் ஒன்றும் இல்லாமலே இருப்பதுபோல் மிரட்டுவதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பிளஃப்'. பீற்றுவதைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. டச்சுக்காரர்கள் கடையை மூடிக்கொண்டு போன இடத்தில் எல்லாம் சீட்டு மேசையில் ஒரு சொல்லை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். நம் கரையை 1824 ஒப்பந்தப்படி வெள்ளைக்காரனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பியபோது ஆட்டினையும் கிளாவரையும் எடுத்துப்போக மறந்ததுபோல.

போக்கர்காரர்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு வெறி உண்டு. இரண்டு ஆஸ், இரண்டு எட்டு சேர்ந்தால் 'செத்தவன் கை'. 1876 ஆகஸ்ட் 2 அன்று டெட்வுட் என்ற சுரங்க ஊரில் வைல்ட் பில் ஹிக்காக் பின்னாலிருந்து சுடப்பட்டபோது அவர் கையில் அந்தச் சீட்டுகள் இருந்தனவாம். கதை ஊரறிந்ததாக மாறியது 1926-ல் வந்த ஒரு புத்தகத்தால், ஆள் செத்து ஐம்பது வருடம் கழித்து. இதற்கு நேர் எதிராக, பத்தும் இரண்டும் சேர்ந்த கைக்கு 'டாயில் பிரன்சன்' என்று பெயர். 1976, 1977 இரண்டு வருடமும் உலகப் போட்டியின் கடைசிக் கையில் அந்த மனிதர் இதே பத்து-இரண்டை வைத்து ஜெயித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் மறுநாளே பெயர் ஒட்டிக்கொண்டது. 2003-க்குப் பிறகு டி.வி.யும் இணையமும் போக்கரை வீடு வீடாகக் கொண்டுபோக, லாஸ் வேகாஸ் மேசையில் நாலு பேர் சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் பெங்களூர் ஹாஸ்டல் அறைக்கு வந்துவிட்டன.

இதைப் பார்க்கும்போது ஒரு கேள்வி வரும். நம் ரம்மிக்காரர்கள் ஏன் கைக்குப் பெயர் வைக்கவில்லை? நம்மிடம் கிண்டலுக்கா பஞ்சம்? விடை ஆட்டத்தின் கணக்கில் இருக்கிறது. இன்றைய போக்கரில் கையில் தருவது இரண்டே சீட்டு. எந்த இனம் என்பதைத் தள்ளிவிட்டு, ஒரே இனமா வேறு இனமா என்று மட்டும் பார்த்தால் மொத்தமே 169 வகை. அதே கை திரும்பத் திரும்ப வரும், திரும்பி வருகிறதற்குப் பெயர் வைக்கலாம். ரம்மியில் 13 சீட்டு. நேற்று வந்த கை உங்கள் ஆயுளில் இன்னொரு முறை வராது. வராத விருந்தாளிக்கு யார் பெயர் வைப்பார்கள்? திரும்பத் திரும்ப வருவது ஆட்டக்காரனின் நிலைமை. ஆகவே ரம்மிக்காரர்கள் நிலைமைக்குப் பெயர் வைத்தார்கள்.

ஸ்கூட் அதில் முதலாவது. நழுவி ஓடுவதைக் குறிக்கும் இங்கிலீஷ் சொல். 101 ஆட்டத்தில் கை சரியில்லை என்று சீட்டு எடுக்கும் முன்பே கவிழ்த்தால் 20 புள்ளி, எடுத்து ஆடிப் பார்த்துவிட்டுப் பாதியில் கவிழ்த்தால் மிடில் ஸ்கூட், 40. கடைசி வரை இருந்து ஒன்றும் சேராமல் மாட்டினால் ஃபுல், 80. முதல் இரண்டும் ஓடிப்போகிறவனின் புத்திசாலித்தனத்துக்குத் தக்க தண்டனை. மூன்றாவது நப்பாசைக்கு. இதைவிட எனக்குப் பிடித்தது 'கம்பல்சரி'. ஒருவனுடைய கணக்கு 80-ஐத் தாண்டிவிட்டால் இனி அவன் ஸ்கூட் விட முடியாது. 20 ஏறினாலே 101-ஐத் தொட்டு ஆட்டத்தை விட்டு வெளியே போய்விடுவான். எவ்வளவு மட்டமான கை வந்தாலும் ஆடித்தான் தீர வேண்டும். பரீட்சைத் தாளிலிருந்து பிடுங்கி வந்த சொல், இந்த இடத்தில் என்ன அழகாக உட்கார்ந்திருக்கிறது! எதிரில் இருப்பவனுக்கும் அது தகவல்: "பாத்து எறக்கு, அவன் கம்பல்சரி." கம்பல்சரியில் இருப்பவன் முகத்தைப் பார்த்தால் தெரியும், வாய் நிறைய வெற்றிலை இருந்தாலும் மெல்ல மாட்டான்.

ஜோக்கரிலும் இரண்டு ரகம் பிரித்தார்கள். கட்டிலேயே கோமாளிப் படத்தோடு அச்சடித்து வருவது பேப்பர் ஜோக்கர், ஆட்டத்துக்கு ஆட்டம் வெட்டி எடுத்து வைப்பது கட் ஜோக்கர். கோமாளியே சீட்டுக்கட்டில் தாமதமாக வந்தவன்தான். 1860-களில் அமெரிக்காவில் 'யூக்கர்' என்ற ஆட்டத்துக்காகச் சேர்க்கப்பட்டவன். டச்சுக்காரர்கள் கொண்டுவந்த கட்டில் அவன் இருந்திருக்க முடியாது. அதனால்தான் இனப் பெயர்கள் டச்சாகவும் கோமாளி இங்கிலீஷாகவும் நிற்கிறார்கள். துருப்பு ஆட்டம் ஒரு காலத்தில் வந்து இறங்கியது, ரம்மி அதற்கு இருநூறு வருடம் கழித்து, இருபதாம் நூற்றாண்டில். ஒரே துண்டின்மேல் இரண்டு யுகம் கலைத்துப் போடப்படுகிறது.

இந்தச் சொற்களை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் யார்? உப்பு ஏற்றப் போன லாரிக்காரர்கள், லோடு கிடைக்கும்வரை வண்டிக்கு அடியில் துண்டு விரித்தவர்கள். கல்யாண மண்டபத்தில் ராத்திரி முழுக்க விழித்திருந்த மாப்பிள்ளை வீட்டார். சாவு வீட்டில் பிணத்துக்குத் துணையிருந்தவர்கள். கல்லூரி விடுதி, மனமகிழ் மன்றம், ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டி. கவனித்தால் எல்லாமே ஊர் பேர் தெரியாத இருவர் ஒரு ராத்திரிக்கு ஒன்றாக உட்கார நேர்கிற இடங்கள். திருநெல்வேலிக்காரனும் திண்டிவனத்துக்காரனும் வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் ஸ்கூட்டில் ஒத்துப்போயாக வேண்டும், கணக்கு எழுத வேண்டுமே.

காவல்துறைக்கும் இதில் பங்குண்டு. கட்டிலிருந்து சீட்டை ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ளேயும் வெளியேயும் போட்டு, கேட்ட சீட்டு எந்தப் பக்கம் விழுகிறது என்று பந்தயம் கட்டுகிற ஆட்டம் மங்காத்தா. வடக்கே 'அந்தர் பாஹர்'. இதை ஆடத் தெரியாத தமிழனுக்கும் பெயர் தெரிந்திருப்பது, 'பணம் வைத்து மங்காத்தா ஆடிய ஏழு பேர் கைது' என்கிற தினசரிச் செய்தியின் புண்ணியம். சினிமா மீதியைச் செய்தது. பார்த்திபன் 1993-ல் 'உள்ளே வெளியே' என்று படம் எடுத்தார். அஜித்தின் ஐம்பதாவது படத்துக்கு 2011-ல் பெயரே 'மங்காத்தா'. நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 1967-ஆம் வருடத் தீர்ப்பில், மூன்று சீட்டு ஆட்டத்தை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளும்போது, அதற்கு ஊரில் வழங்கும் 'ஃப்ளஷ்', 'பிராக்' என்ற பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறார்கள். செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் நடந்த சோதனையிலிருந்து கிளம்பிய வழக்கு அது. அன்றைக்கு ரம்மிக்கு இருந்த அந்தஸ்து பெரியது. மன்றத்தில் ஆடினால் ரம்மி, மரத்தடியில் பிடிபட்டால் மங்காத்தா.

சீட்டையே தொடாதவர்கள் வீட்டுக்கும் இந்தச் சொற்கள் போய்விட்டன. பங்குச்சந்தைப் பக்கத்தில் வரும் 'புளூசிப்' போக்கர் மேசையின் நீல வில்லை, அதிக மதிப்புள்ளது அது. பிக்பாஸ் வீட்டுக்குள் நடுவில் நுழைகிறவர் 'வைல்டு கார்டு'. எந்தச் சீட்டாகவும் மாறக்கூடிய ஜோக்கர்தான் அது. அதே ஜோக்கர் திண்ணையில் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது, இது டி.வி. வழியாக வந்த இரண்டாவது வருகை. தேர்தல் வந்தால் ஒவ்வொரு கட்சித் தலைவரிடமும் ஒரு துருப்புச் சீட்டு இருப்பதாக நிருபர்கள் எழுதுகிறார்கள். சீட்டாட்டத்தைக் கடுமையாகத் திட்டித் தலையங்கம் எழுதுகிற பத்திரிகையே மறுபக்கம் 'துருப்புச் சீட்டை இறக்கினார்' என்று தலைப்பு வைக்கும். சொல்லாமல் நழுவியவனைச் சென்னையில் 'ஸ்கூட் ஆயிட்டான்' என்பார்கள்.

இப்போது நடந்திருப்பது வேறு. கைபேசி ரம்மி வந்த பிறகு ஆட்டம் ஊமையாகிவிட்டது. திரையில் சிவப்பு இதயம் தெரிகிறது, அதற்குப் பெயர் சொல்ல யாரும் தேவையில்லை. ஸ்கூட்டுக்கு ஒரு பொத்தான், அதன்மேல் 'டிராப்' என்று எழுதியிருக்கிறது. முடித்துக் காட்ட 'டிக்ளேர்' என்று இன்னொன்று. எதிரில் ஆடுகிறவன் எந்த ஊரோ, பேச வழியில்லை. துருப்புச் சொன்ன ராத்திரியில் ஏறிய சொற்களுக்கு இங்கே ஏற இடமே இல்லை. பணம் மட்டும் ஊமையாக இருக்கவில்லை. கடன்பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்தி வாராவாரம் வந்தது. தமிழ்நாடு 2022-ல் சட்டம் இயற்றி ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலின் அந்தப் பகுதியை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று 2025-ல் விதி வந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் நாடாளுமன்றமே காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்தது. இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு இல்லை. மரத்தடியில் தோற்றவனைக் கைபிடித்து எழுப்பிவிட நாலு பேர் இருந்தார்கள். போர்வைக்குள் தோற்றவனுக்கு யாரும் இல்லை.

கைபேசியில் பழகிய பையன்கள் இப்போது துண்டுக்குத் திரும்பினால் எந்தச் சொல் நிற்கும்? ஸ்கூட்டா, டிராப்பா? என் கணிப்பு ஸ்கூட். ஏனென்றால் நோட்டில் கணக்கு எழுதுகிறவர் இன்னும் மாமாதான், அவர் காதில் விழுகிறபடி சொன்னால்தான் புள்ளி ஏறும். ஆட்டின் விஷயத்தில் அவ்வளவு தைரியமாகச் சொல்ல முடியவில்லை. ரம்மியில் இனத்தின் பெயரைக் கூவ வேண்டிய கட்டாயம் இல்லை, மனசுக்குள் 'ஹார்ட்' என்று நினைத்துக்கொண்டே ஒருவன் ஆயுள் முழுக்க ஆடிவிடலாம். ஆட்டினைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது குழந்தைகள் ஆடுகிற 'கழுதை'. அதில் ஒருவர் இறக்கிய இனத்தையே மற்றவர்களும் இறக்க வேண்டும். இல்லாதவன் வேறு இனத்தைப் போட்டு வெட்டுவான், வெட்டு வாங்கியவன் தரையில் கிடப்பதை எல்லாம் அள்ள வேண்டும், கடைசியில் யார் கையில் சீட்டு மிச்சமோ அவன் கழுதை. சும்மா அள்ளுவானா? "உன்கிட்ட ஆட்டின் இருக்கு, ஒளிச்சு வச்சிக்கிட்டு வெட்டுறே, காட்டு!" என்று ஒரு ரகளை நடக்கும். மழை விடுமுறையில் எட்டு வயசுப் பிள்ளைகள் இப்படிக் கத்திக்கொண்டிருக்கும் வீடுகளில்தான் 'ஹார்டென்' இன்னும் தமிழ் பேசுகிறது.